எருமை வால் காட்டிய பக்கம்

கோடை வந்தால் பாதியாகச் சுருங்கிவிடும் ஓர் ஏரியில் பெரிய வாத்துக் கூட்டம் ஒன்று வாழ்ந்து வந்தது. அதற்குத் தலைவர் வெங்கழுத்தர். எந்த விஷயத்திலும் முடிவெடுக்காமலே நெடுங்காலம் தலைவராக இருந்தவர் என்று அவருக்குப் பெயர்.

ஒரு கோடையில் அந்தக் கூட்டத்துக்குள் நோய் புகுந்தது. முதலில் கால் துவளும். பிறகு இறக்கை தொங்கும். கடைசியில் கழுத்து, வாடிய அல்லித்தண்டு போலச் சாய்ந்துவிடும். சாய்ந்தவர்களில் சிலர் எழுந்தார்கள். சிலர் எழவில்லை. இறந்தவர்களை வடக்குப் பள்ளத்தில் தள்ளிவிட்டுக் கூட்டம் அழுதது.

நோய் எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லத்தான் யாருக்கும் மனம் வரவில்லை. கிழக்குக் காற்று என்றது ஒரு வாத்து. போன மாதம் வந்து தங்கிப்போன வெளியூர்க் கொக்குகள் என்றது இன்னொன்று. பெண் வாத்துகள் இப்போதெல்லாம் அதிகமாகப் பேசுகின்றன, அதனால்தான் என்றது ஒரு கிழ ஆண்வாத்து.

ஏரியின் கீழ்க்கரையில் ஒரு நாரை ஒற்றைக்காலில் நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்தது. கழுத்து சாய்ந்த வாத்து ஒன்று எங்கே போகிறோம் என்று தெரியாமல் அதன் பக்கத்தில் போய் நின்றது. ஒரு காலில் வலு இல்லாததால் அதுவும் ஒற்றைக்காலில் நின்றது. மறுநாள் அதற்குக் கழுத்து நிமிர்ந்துவிட்டது.

மரத்திலிருந்து இதைப் பார்த்த காக்கை பறந்து வந்தது.

"சாமி! உங்க பக்கத்துல நின்னதும் அதுக்குக் குணமாயிடுச்சு!"

"நான் ஒண்ணும் பண்ணலையே. மீன் பிடிச்சுக்கிட்டிருந்தேன்."

"அதுதான் சாமி உங்க பெருமை. பண்ணாமலே நடக்குது."

நாரை கொஞ்சம் யோசித்தது. மறுத்துச் சொல்ல அதனிடம் காரணம் எதுவும் இருக்கவில்லை. அன்றிலிருந்து அது 'அவர்' ஆனது.

அவருடைய வைத்தியம் ஏரி முழுக்கப் பரவியது. நோய் கண்டவர்கள் விடிந்ததிலிருந்து உச்சி வெயில் வரை நெஞ்சளவு நீரில், கிழக்குப் பார்த்து, ஒற்றைக்காலில் நிற்கவேண்டும். இத்தனை வாத்துகள் வரிசையாக நின்று சேற்றைக் கலக்கியதால் மீன்களெல்லாம் மிரண்டு நாரையின் பக்கமே ஓடி வந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டே விழுங்கினார். தவத்தின் பலன் என்று காக்கை விளக்கியது.

தினமும் மாலையில், பிழைத்தவர்கள் கரையில் கூடித் தங்கள் கதையைச் சொன்னார்கள். கேட்டவர்கள் கண்ணீர் விட்டார்கள். செத்தவர்கள் யாரும் வந்து அவர்கள் கதையைச் சொல்லவில்லை.

அந்தக் கூட்டத்தில் புள்ளி என்று ஒரு பெண்வாத்து இருந்தாள். மார்பில் கருப்பாக ஒரு புள்ளி. அதனால் அந்தப் பெயர். அவளுக்கு ஒரே தங்கை, சிறகி. சிறகிக்கும் கழுத்து சாய்ந்தது. புள்ளிதான் அவளை நடத்திக் கூட்டிப்போய்த் தண்ணீரில் நிறுத்தினாள்.

வெயில் ஏறியது. "அக்கா, தலை நிக்க மாட்டேங்குது. கரையில கொஞ்சம் சாஞ்சுக்கட்டுமா?" என்றாள் சிறகி.

"பாதியில விட்டா நோய் ரெட்டிப்பாகும்" என்றது மேலே பறந்துகொண்டிருந்த காக்கை.

"கொஞ்சம் பொறுத்துக்கோடி. இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்றாள் புள்ளி.

சிறகியின் தலை தண்ணீரில் சரிந்தது. புள்ளி தன் அலகால் அதைத் தூக்கிப் பிடித்தாள். மறுபடியும் சரிந்தது. மறுபடியும் தூக்கினாள். மூன்றாம் தடவை தூக்கியபோது அந்தத் தலையில் கனம் மட்டும்தான் இருந்தது.

புள்ளி தங்கையைக் கரையில் கிடத்திவிட்டு நேரே நாரையிடம் போனாள்.

"என்ன சாமி இப்படி ஆயிடுச்சு?"

"அவ மனசு ஒருநிலையில இல்லை."

"நேத்து எழுந்திரிச்ச ஆண்வாத்துக்கு?"

"அவன் மனசு நின்னுச்சு."

"அது எப்படி சாமி தெரியும்?"

"பொழைச்சானே."

புள்ளி அங்கேயே நின்றாள். அழுகைதான் வந்திருக்கவேண்டும். ஒரு கேள்வி வந்தது.

"பொழைச்சா உங்களால. செத்தா அவங்களால. சரி சாமி, என்ன நடந்தா உங்க வைத்தியம் பலிக்கலைன்னு நீங்களே ஒத்துக்குவீங்க?"

நாரை ஒரு கண்ணைத் திறந்தார். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"அப்படி எதுவும் நடக்காது" என்றார்.

"அதுதான் சாமி எனக்குப் பயமா இருக்கு."

புள்ளி சாமியை எதிர்த்துப் பேசிவிட்டாள் என்ற செய்தி மாலைக்குள் ஏரியைச் சுற்றி வந்துவிட்டது. கூட்டம் கூடியது. வெங்கழுத்தர் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

"உனக்கு என்னதாம்மா வேணும்?" என்று கேட்டார்.

"வைத்தியம் பலிக்குதான்னு பார்க்கணும். நோய் கண்டவங்கள்ல பாதிப்பேர் தண்ணியில நிக்கட்டும். மீதிப்பேர் கரையில சும்மா படுத்திருக்கட்டும். எந்தப் பக்கம் அதிகமா எழுந்திரிக்கிறாங்கன்னு பார்ப்போம்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பிள்ளைக்காரி ஒருத்தி முன்னால் வந்தாள். அவள் பெயர் செம்மூக்கி.

"பாதிப்பேருக்கு வைத்தியமே இல்லைங்கறியே, இது பாவமில்லையாடி?"

"பாவந்தான். எந்தப் பாதிக்குப் பாவம்னுதான் இன்னும் நமக்குத் தெரியலை."

செம்மூக்கிக்கு இது புரியவில்லை. வெங்கழுத்தருக்கும் புரியவில்லை. ஆனால் காக்கை அவர் காதில் ஏதோ சொல்ல, அவர் முகம் தெளிந்தது.

"சோதிச்சுப் பார்ப்போம். சாமிக்கு ஒண்ணும் பயமில்லையாம். யார் தண்ணியில நிக்கறதுன்னு சாமியே கைகாட்டுவாராம்."

மறுநாள் நோயாளிகளை வரிசையாக நிறுத்தினார்கள். நாரை ஒவ்வொருவராக உற்றுப் பார்த்தார். லேசாகக் கால் துவண்டவர்களைப் பார்த்து, "இவங்க தவத்துக்குத் தகுதி" என்று தண்ணீருக்கு அனுப்பினார். கழுத்து மண்ணில் புரண்டவர்களைப் பார்த்து, "இவங்க வினை பழுத்துடுச்சு" என்று கரையில் விட்டார்.

முடிவு காக்கை எதிர்பார்த்ததுதான். தண்ணீரில் நின்றவர்கள் அநேகமாக எல்லாரும் பிழைத்தார்கள். கரையில் கிடந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். ஒற்றைக்கால் விழா எடுத்தார்கள். புள்ளி போன வழியில் குஞ்சுகள் ஒற்றைக்காலில் நொண்டிக் காட்டிச் சிரித்தன.

புள்ளி வெங்கழுத்தரிடம் மறுபடியும் போனாள்.

"அண்ணே, பொழைக்கப் போறவங்களைப் பொறுக்கி எடுத்துட்டு, நான்தான் பொழைக்க வெச்சேன்னா எப்படி? ஓடத் தெரிஞ்சவனை ஒரு பக்கமும் முடவனை ஒரு பக்கமும் விட்டுட்டு, என் பக்கத்துப் பாதைதான் நல்ல பாதைன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"அப்ப யாரும்மா பொறுக்கறது? நீயா?"

"நானும் வேண்டாம். எனக்கும் ஆசை இருக்கு, சாமி தோக்கணும்னு. பொறுக்கறவங்களுக்கு எந்த ஆசையும் இருக்கக்கூடாது."

அப்படி ஒருவரை எங்கே தேடுவது என்று இருவரும் சுற்றிப் பார்த்தார்கள். ஏரிக்கரையில் ஓர் எருமை மேய்ந்துகொண்டிருந்தது. வெயில், மழை, நோய், சாமி எதுவும் அதைத் தொட்டதாகத் தெரியவில்லை. வால் மட்டும் ஈயை விரட்டுவதற்கு இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தது.

"எருமையண்ணே, எங்க கூட்டத்துல உங்களுக்கு யாரையாவது பிடிக்குமா?" என்று கேட்டாள் புள்ளி.

"நீங்கள்லாம் பல பேரா?" என்றது எருமை. "நான் ஒரே வாத்துதான் சுத்திச் சுத்தி வருதுன்னு நினைச்சேன்."

புள்ளிக்கு அவ்வளவு சந்தோஷம் அந்தக் கோடையில் வந்ததில்லை.

ஏற்பாடு இதுதான். ஒவ்வொரு நோயாளியும் எருமையின் பின்னால் வந்து நிற்க வேண்டும். வால் இடப்பக்கம் வீசினால் தண்ணீர். வலப்பக்கம் வீசினால் கரை. தீனியும் நிழலும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான்.

காக்கை கத்தியது: "எருமை வாலுக்கு என்ன ஞானம் இருக்கு?"

"ஒண்ணும் இல்லை. அதுக்காகத்தான் கேட்டேன்" என்றாள் புள்ளி.

தண்ணீர் கிடைத்தவர்கள் கொண்டாடினார்கள். கரை கிடைத்தவர்கள் தங்களுக்குச் சாவு எழுதியாகிவிட்டது என்று புலம்பினார்கள். செம்மூக்கி தன் குஞ்சைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அதன் கழுத்து பாதி சாய்ந்திருந்தது. வால் வலப்பக்கம் வீசியது.

"புள்ளி, என் பிள்ளையை மட்டும் தண்ணிப் பக்கம் மாத்திடுடி. ஒரே ஒரு பிள்ளை. யாருக்குத் தெரியப்போகுது?"

சிறகியின் தலை தன் அலகில் கனத்தது புள்ளிக்கு நினைவுக்கு வந்தது.

"மாட்டேன்" என்றாள். "உனக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தணும். அப்புறம் இது சோதனை இல்லை, சிபாரிசு."

"உனக்குப் பிள்ளை இருந்தா தெரியும்" என்று சொல்லிவிட்டுச் செம்மூக்கி குஞ்சைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனாள். அதற்குப் பிறகு புள்ளியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிழைத்தது யார், பிழைக்காதது யார் என்று பார்க்கும் வேலையைக் காக்கை தானாக எடுத்துக்கொண்டது. தண்ணீரில் தலை தொங்க நின்ற ஒரு வாத்தைப் பார்த்து, "இது நோயில்லை, பணிவு" என்றது. கரையில் தலை நிமிர்ந்து உட்கார்ந்த ஒரு வாத்தைப் பார்த்து, "இது குணமில்லை, திமிர்" என்றது.

புள்ளி அதற்கும் எருமையிடமே போனாள். சாயங்காலம் இரண்டு பக்கத்தாரையும் கலந்து எருமை முன்னால் படுக்கவைத்தார்கள். யார் தண்ணீரிலிருந்து வந்தவர் என்று தெரியாமலிருக்க எல்லார் மேலும் ஒரே சேற்றைப் பூசினார்கள்.

"எனக்கு இது ஒண்ணுதான் செய்யத் தெரியும். ஒரு செருமல் செருமுவேன். தலையைத் தூக்கிப் பார்த்தா, தூக்குச்சுன்னு சொல்லுவேன். இல்லாட்டி, தூக்கலைன்னு சொல்லுவேன். அப்புறம் நான் மேயப் போகணும்" என்றது எருமை.

எருமை செருமியது. தூக்குச்சு. தூக்கலை. தூக்குச்சு. தூக்குச்சு. அதற்குள் தண்ணீரில் மூழ்கி, கலந்து படுக்கக்கூட வராமல் போனவர்களைத் தண்ணீர்ப் பக்கத்துக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

சில நாட்களில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தண்ணீரில் நின்றவர்களில் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். கரையில் படுத்தவர்களில் பெரும்பாலோர் எழுந்துவிட்டார்கள். கழுத்து நிற்காதவனைத் தண்ணீரில் நிறுத்தினால் மூழ்கிப்போவான் என்பது, தெரிந்த பிறகு எல்லாருக்கும் முன்பே தெரிந்ததாக இருந்தது.

செம்மூக்கியின் குஞ்சு ஒரு காலையில் தலையைத் தூக்கித் தாயைப் பார்த்தது. பசிக்கிறது என்றது. செம்மூக்கி அதை விட்டுவிட்டு ஓடிவந்து புள்ளியின் முன்னால் நின்றாள். புள்ளியின் கழுத்தோடு தன் கழுத்தை வைத்து உரசிவிட்டுத் திரும்ப ஓடினாள்.

மற்றவர்கள் அவ்வளவோடு விடவில்லை. மறுநாளே புள்ளி 'புள்ளியம்மா' ஆகிவிட்டாள். அவள் படுத்த இடத்தின் மண்ணை எடுத்துக் குஞ்சுகளின் நெற்றியில் பூசினார்கள். கரையில் எந்தத் திசையில் தலைவைத்துப் படுத்தால் அதிக பலன் என்று கேட்டார்கள்.

"எந்தத் திசையானாலும் ஒண்ணுதான்" என்றாள் புள்ளி.

"அம்மாவுக்கு எவ்வளவு அடக்கம்!" என்றார்கள்.

வெங்கழுத்தர் வந்து கேட்டார்: "எல்லாம் சரிம்மா. நோய் எதனால வருதுன்னு சொல்லிடு. முடிச்சிடலாம்."

புள்ளிக்கு ஒரு யோசனை இருந்தது. அந்தக் கோடையில் நீர் வற்றிய இடங்களில் பச்சைப் பாசி கொழகொழவென்று படர்ந்திருந்தது. அது வந்த மாதத்தில்தான் நோயும் வந்தது.

"பாசியா இருக்கலாமோன்னு நினைக்கிறேன்" என்றாள். "நிச்சயமில்லை."

'நிச்சயமில்லை' என்பதை யாரும் காதில் வாங்கவில்லை. சாயங்காலத்துக்குள் பாசிக்குச் சாபம் விட்டார்கள். பாசி தின்ற ஓர் ஆண்வாத்தைக் கொத்தித் துரத்தினார்கள். குஞ்சுகளுக்குப் பாசியைத் திட்டும் பாட்டு ஒன்று கட்டிக் கொடுத்தார்கள்.

புள்ளி நடுவில் ஓடிப்போய்க் கத்தினாள்: "நிறுத்துங்க! சாமி சொன்னதைச் சோதிச்சோமே, நான் சொன்னதைச் சோதிக்க வேண்டாமா?"

"அம்மா சொன்னா சோதிக்கணுமா?" என்றார்கள்.

கெஞ்சிக் கூத்தாடி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தாள். நோய் காணாதவர்கள் எருமையின் பின்னால் வந்தார்கள். வால் வீசிய பக்கத்தின்படி பாதிப்பேர் பாசியை விட்டார்கள். பாதிப்பேர் வழக்கம்போல் தின்றார்கள். வேறெதையும் மாற்றவில்லை.

பாசி தின்றவர்களில் சிலர் விழுந்தார்கள். பாசியைத் தொடாதவர்களிலும் கிட்டத்தட்ட அத்தனை பேர் விழுந்தார்கள்.

புள்ளிக்கு அன்று தீனி இறங்கவில்லை. பாசிதான் என்று உள்ளுக்குள் அவள் அவ்வளவு உறுதியாக நம்பியிருந்தாள். எருமை தப்பாகப் பார்த்திருக்குமோ, இன்னும் சில நாள் பொறுத்தால் மாறுமோ என்றெல்லாம் மனம் ஓடியது. பொறுத்தும் பார்த்தாள். மாறவில்லை. கூட்டத்தைக் கூட்டினாள்.

"நான் நினைச்சது தப்பு. பாசி காரணமில்லை" என்றாள்.

ஒரு குரல், "தப்பா?" என்றது. இன்னொரு குரல், "தப்புன்னு அவளே சொல்றாளே!" என்றது. பாசி தின்றதற்காகக் கொத்து வாங்கிய ஆண்வாத்து நடுவில் வந்து நின்றது.

"சாமி ஒருநாளாவது தப்புன்னு சொல்லியிருக்காரா?"

யாராலும் அப்படி ஒருநாளைச் சொல்ல முடியவில்லை.

அன்றே கூட்டம் கீழ்க்கரைக்குத் திரும்பிப் போனது. காக்கை எல்லாரையும் மன்னித்து வரவேற்றது. ஒற்றைக்கால் வைத்தியத்தில் மட்டும் சாமி ஒரு சிறிய திருத்தம் செய்திருந்தார்: இனிமேல் கரையில் படுத்தபடியே ஒற்றைக்காலை நீட்டிக்கொண்டால் போதும். போதாக்குறைக்கு, தேறியவர்களுக்கு உடம்பில் வலு ஊற வடக்குப் பள்ளத்துப் புழுவைப் பிரசாதமாகக் கொடுக்கவும் தொடங்கினார்கள். அந்தக் கோடையில் ஏரியிலேயே கொழுத்த தீனி அதுதான்.

புள்ளியோடு ஒரு சிலர்தான் மிஞ்சினார்கள். அவர்களில் செம்மூக்கி ஒருத்தி.

"தப்புன்னு நீ சொல்லாம இருந்திருக்கலாம்ல?" என்றாள் அவள்.

"சொல்லாம இருந்தா பாசியையே திட்டிக்கிட்டிருப்போம். இன்னும் நிறையப் பேர் செத்திருப்பாங்க."

செம்மூக்கி குஞ்சின் தலையைக் கோதிக்கொண்டே யோசித்தாள். "ஒண்ணு சொல்லட்டுமா? இவன் விழுந்ததுக்கு முந்தின நாள்தான் வடக்குப் பள்ளத்துல போய்ப் புழு தின்னுட்டு வந்தான். இப்ப நான் விடறதில்லை. அங்க நம்ம செத்தவங்க கிடக்காங்க. எனக்கு மனசு கேக்கலை."

மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செத்த வாத்தின் உடம்பில் புழு. அந்தப் புழுவைத் தின்ற வாத்து. அது செத்தால் அதே பள்ளம். பள்ளத்துக்குப் போகாமல் விழுந்தவர் யாராவது உண்டா என்று யோசித்துப் பார்த்தார்கள். யாரும் நினைவுக்கு வரவில்லை.

"அதேதான்! போய்ச் சொல்லிடுவோம்!" என்றது ஒரு வாத்து.

"பாசி விஷயத்துலயும் எனக்கு இப்படித்தான் இருந்தது" என்றாள் புள்ளி. "நாம புழுவை விட்டா நாம பொழைச்சுக்குவோம், சரி. ஆனா நாம எல்லாரும் எதையும் பார்த்துப் பார்த்துத் தின்னுறவங்க. புழுவை விட்டதால பொழைச்சோமா, ஜாக்கிரதையா இருந்ததால பொழைச்சோமான்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப நம்மளுக்குள்ளயே பாதிப்பேர் தின்னணுங்கறியா?" செம்மூக்கி குஞ்சை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"குஞ்சுகள் வேண்டாம். மனசு இல்லாதவங்களும் வேண்டாம். விழுந்தா தண்ணியில விழ மாட்டோம், கரையில இருப்போம். பார்த்துக்க ஆள் இருக்கு."

விரும்பியவர்கள் மட்டும் எருமையின் பின்னால் போனார்கள். புள்ளியின் முறை வந்தது. வால் இடப்பக்கம் வீசியது. புழு.

"மாத்திக்கோடி" என்று செம்மூக்கி அவளை இழுத்தாள். "நீ விழுந்துட்டா யாரு இதையெல்லாம் பார்ப்பா?"

"உன் பிள்ளைக்கு மாத்தித் தரலையேடி நான்."

அன்று புள்ளி வடக்குப் பள்ளத்தில் புழு தின்றாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது, அவ்வளவு ருசியாக இருந்தது.

மறுநாள் நன்றாக நடந்தாள். அதற்கு அடுத்த நாள் நடக்கும்போது ஒரு கால் மடங்கியது. அவள் எழுந்து மறுபடியும் நடந்தாள், யாருக்கும் தெரியக்கூடாது என்பது போல. இறக்கை தொங்கியது. சாயங்காலம் எல்லாரையும் சேறு பூசிக் கலந்து படுக்கவைத்தார்கள். எருமை வந்து செருமியது.

"தூக்குச்சு. தூக்குச்சு. தூக்கலை. தூக்குச்சு." எருமை புள்ளியின் முன்னால் வந்து செருமியது. அவள் தூக்கப் பார்த்தாள். கழுத்து மண்ணிலிருந்து எழவில்லை.

"தூக்கலை" என்று சொல்லிவிட்டு எருமை அடுத்ததற்குப் போனது. அது யார் என்று அதற்குத் தெரியாது.

புழு தின்றவர்களில் ஒருவர் நீங்கலாக எல்லாரும் விழுந்தார்கள். புழுவைத் தொடாதவர்களில் ஒருவர்கூட விழவில்லை. செம்மூக்கி வந்து புள்ளியின் தலையைத் தன் இறக்கைமேல் தூக்கிவைத்துக்கொண்டு முடிவைச் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். புள்ளியின் கண் மட்டும் அசைந்தது.

"இந்தத் தடவை தப்பில்லை போல" என்றாள். அவள் சிரிக்கிறாள் என்று செம்மூக்கிக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

செம்மூக்கி அதோடு நிற்கவில்லை. வெங்கழுத்தரைத் தேடிப் போய்த் தான் பார்த்ததையெல்லாம் கூட்டத்தின் நடுவில் சொன்னாள். வெங்கழுத்தர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். காக்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நாரையிடம் பறந்து போனது.

மறுநாள் காலையில் சாமி கண் திறந்தார். வடக்குப் பள்ளத்தில் ஒரு கெட்ட ஆவி புகுந்திருப்பது தவத்தில் தெரிந்ததாகச் சொன்னார். இனி யாரும் அங்கே மேயக்கூடாது. பள்ளத்தை மண் தள்ளி மூடவேண்டும். கூட்டம் அப்படியே செய்தது. பள்ளத்துப் புழுவைப் பிரசாதமாகக் கொடுத்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நோய் நின்றது.

கீழ்க்கரையில் பெரிய விழா. சத்தம் மேல்கரை வரை கேட்டது. அங்கே புள்ளி இன்னும் படுத்துத்தான் இருந்தாள். பக்கத்தில் செம்மூக்கி கொதித்துக்கொண்டிருந்தாள்.

"உன் பேரை ஒருத்தராவது சொன்னாங்களா? நீ தின்னு, நீ விழுந்து, நீ கண்டுபிடிச்சது! அங்க அந்த நாரைக்கு மாலை!"

"புழு தின்னுறதை நிறுத்திட்டாங்களா?"

"நிறுத்திட்டாங்க."

"குஞ்சுங்க?"

"அதுங்களையும் விடறதில்லை."

"அப்புறம் என்னடி" என்றாள் புள்ளி. ஆனால் அவள் கண்ணும் கீழ்க்கரைப் பக்கமே இருந்தது. கசப்பு இல்லை என்று சொல்ல முடியாது.

விழா முடிந்த பிறகு வெங்கழுத்தர் மட்டும் தனியாக நடந்து வந்தார். யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"உன்னாலதான்னு எனக்குத் தெரியும்மா. வெளியில சொல்ல முடியாது. என் நிலைமை அப்படி."

"இப்ப இன்னொண்ணு வந்திருக்கு" என்றார் அவர். "நோய் திரும்பி வராம இருக்கறதுக்கு, எல்லார் கழுத்துலயும் சாமியோட இறகு ஒண்ணு செருகிக்கணும்னு காக்கை உத்தரவு போட்டிருக்கு. எல்லாரும் வரிசையில நிக்கிறாங்க. நான் என்னம்மா பண்ணட்டும்?"

புள்ளி மெல்லக் கழுத்தைத் தூக்கினாள். அது ஆடியது, ஆனால் நின்றது.

"எல்லாருக்கும் வேண்டாம் அண்ணே" என்றாள். "பாதிப்பேருக்கு மட்டும் செருகுங்க."